விக்கி வழங்கிகளும் இயங்குதள ஒழுங்கும்

தமிழ் பயிலும் மாணாக்கர் இந்நாளில் ஒரு நூலின் காலத்தையோ, ஒரு புலவரின் ஊரையோ, ஒரு சொல்லின் வரலாற்றையோ விரைந்து அறிய விரும்பின், முதற்கண் நாடுவது தமிழ் விக்கிப்பீடியாவையே. நாட்டுடைமையாக்கப்பெற்ற நூல்கள் பலவும் விக்கிமூலத்தில் இடம்பெற்றுள்ளன. சொற்பொருள்கள் விக்சனரியில் தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றை எழுதினோர் யாவர், இவற்றின்கண் பிழை உளவோ இலவோ என்னும் ஆராய்ச்சி பலகாலும் நிகழ்கின்றது. ஆயின், அவ்வெழுத்துக்கள் யாண்டு இருக்கின்றன, எதன்மேல் நிற்கின்றன, அங்ஙனம் நிலைபெறுதற்கு எவ்வொழுங்கு துணையாயிற்று என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. சுவடியைப் போற்றுவோர் பாட்டினை அறிதலோடு ஓலையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின், விக்கியைத் தாங்கும் கணினிகளுக்கு இயங்குதள ஒழுங்கு வகுக்கப்பெற்ற வரலாற்றையும், அதனின்று நம் போன்றோர் கொள்ளத்தக்க பாடத்தையும் இக்கட்டுரையின்கண் கூறப் புகுந்தோம்.

முதலிற் சொற்களின் பொருளை வரையறுப்பாம். விக்கி என்பது படிப்போர் தாமே எழுதவும் திருத்தவும் கூடிய ஏடாகும். 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் இத்தகைய ஏட்டினை முதன்முதல் இணையத்தில் அமைத்தார். இம்முறையைப் பின்பற்றி 2001 ஜனவரி 15ஆம் நாள் விக்கிப்பீடியா தோன்றிற்று. 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. இவற்றை நடத்தும் விக்கிமீடியா நிறுவனமும் அவ்வாண்டு ஜூன் திங்களில் நிறுவப்பெற்றது. இவ்வேடுகளை ஆளும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி என்பது. வழங்கி என்பது கேட்டார்க்குப் பக்கங்களை எடுத்து வழங்கும் கணினி. இயங்குதளம் என்பது அக்கணினியின் உறுப்புக்களையும் செயல்களையும் ஆளும் அடிப்படை மென்பொருள்.

இவை ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்தவை. மீடியாவிக்கி பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. தன் பக்கங்களை மரியாடிபி, மைஎஸ்கியூஎல் போன்றதொரு தரவுத்தளத்தில் வைக்கின்றது. பிஎச்பியும் தரவுத்தளமும் இயங்குதளத்தின்மேல் நிற்கின்றன. பிஎச்பியின் எப்பதிப்பு எளிதிற் கிடைக்கும், அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்துணைக் காலம் வந்துகொண்டிருக்கும் என்பவற்றைப் பெரும்பாலும் அறுதியிடுவது கீழுள்ள இயங்குதளமே. எனவே மேலே எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு கால எல்லை இருக்கின்றது என்க.

வழங்கி ஒன்றேயாயின், அதன் இயங்குதளம் எதுவாயினும் ஒருவர் ஒருவாறு பார்த்துக்கொள்ளலாம். வழங்கிகள் பலவாகி, ஒவ்வொன்றும் வெவ்வேறு இயங்குதளத்தைக் கொண்டிருப்பின் இடர்ப்பாடு பெருகும். ஒரு மென்பொருளில் குறை வெளிப்பட்டதெனக் கொள்வோம். ஐந்து வகை இயங்குதளங்கள் இருப்பின், அதன் திருத்தத்தை ஐந்துமுறை தேடி, ஐந்துமுறை ஆய்ந்து, ஐந்து விதமாய்ப் பொருத்துதல் வேண்டும். நான்கனைச் செய்து ஐந்தாவதை மறந்தவிடத்துக் கள்வன் நுழைவான். ஒருவகையே இருப்பின் ஒருமுறை ஆய்ந்தது அனைத்திற்கும் பயன்படும். சிலர் பலவற்றைக் காத்தல் இயலுவது இவ்வாற்றானேயாம்.

இனி, விக்கிமீடியாவின் வரலாற்றை நோக்குவாம். தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் வழங்கிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரில் இருந்தன. தேவை மிகுந்தபோதெல்லாம் கணினிகள் சேர்க்கப்பட்டன. சேர்க்கப்பட்ட காலத்திற்கேற்ப இயங்குதளமும் வேறுபட்டது. லினக்ஸ் குடும்பத்தைச் சார்ந்த ரெட் ஹாட், பெடோரா என்பவற்றின் பல பதிப்புக்கள் கலந்து நின்றன. இக்கலப்பிற்கு வெளியுலக நிகழ்ச்சியும் ஒரு காரணம் என்னலாம். இலவசமாய்க் கிடைத்த ரெட் ஹாட் லினக்ஸின் கடைசிப் பதிப்பாகிய ஒன்பதாம் பதிப்பிற்கு 2004 ஏப்ரலோடு ஆதரவு நின்றது. அதன் வழித்தோன்றலாகிய பெடோரா விரைவாய்ப் புதுமை பெறுவது. அதன் ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் ஓராண்டிற்குச் சற்று மிகுதியே. புதுமை விரும்புவோர்க்கு அது நன்று. ஆண்டுதோறும் பெயர்த்தமைக்க ஆளில்லாதார்க்கு அது பெருஞ்சுமை.

2008ஆம் ஆண்டில் இந்நிலை மாறிற்று. ஏறக்குறைய 400 வழங்கிகளைக் கொண்டிருந்த விக்கிமீடியா, அவற்றை உபுண்டு என்னும் ஒரே இயங்குதளத்தின்கீழ்க் கொணர்ந்தமை அவ்வாண்டில் உலகறிந்த செய்தியாயிற்று. உபுண்டு 2004 அக்டோபரில் முதலில் வெளிவந்தது. அதன் நீண்டகாலப் பதிப்புக்கள் இரண்டாண்டிற்கு ஒருமுறை வருவன. 2008 ஏப்ரலில் வந்த 8.04ஆம் பதிப்பு வழங்கிகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உறுதிசெய்தது. ஓராண்டு ஆயுளுடையதை விட்டு ஐந்தாண்டு ஆயுளுடையதைக் கொண்டமையே இம்மாற்றத்தின் பெரும்பயன் என்பது எம் துணிபு.

அவ்வொழுங்கும் நிலையாய் நின்றதன்று. 2014, 2015ஆம் ஆண்டுகளை அடுத்துப் புதிய வழங்கிகளில் டெபியன் என்னும் இயங்குதளம் நிறுவப்பெறலாயிற்று. உபுண்டு 14.04ஆம் பதிப்பின் பொது ஆதரவு 2019 ஏப்ரலில் முடிந்தது. அதனையொட்டி உபுண்டுவின் இடத்தை டெபியனே பெற்றது. உபுண்டு டெபியனிலிருந்தே கட்டப்படுவதாதலின், மென்பொருட் பொதிகளின் வடிவும் அவற்றை நிறுவும் முறையும் இரண்டிற்கும் பொதுவாக உள்ளன. முன்னரே ஒருமைப்பட்டு நின்றமையாற் பின்னர் ஒருங்கே பெயர்தல் எளிதாயிற்று. நன்கு வகுத்த ஒழுங்கு, தன்னை விட்டு நீங்கும் வழியையும் தன்னுள் கொண்டிருக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

டெபியனைப்பற்றிப் புதுச்சேரியார்க்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. அத்திட்டத்தை இயன் மர்டாக் என்பார் தொடங்கியது 1993 ஆகஸ்டு 16ஆம் நாள். பிரெஞ்சு ஆட்சிப்பகுதியாயிருந்த நம் ஊர் 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்து, சட்டப்படி இணைந்ததும் ஆகஸ்டு 16ஆம் நாளே, ஆண்டு 1962. இஃது எதிர்பாராத ஒற்றுமையேயாயினும் நாளை நினைவில் வைக்க உதவும். எந்த வணிகக் குழுவிற்கும் உரித்தாகாது, உலகெங்குமுள்ள தொண்டர் கூடி நடத்துவது டெபியன். பெரும்பாலும் இரண்டாண்டிற்கு ஒருமுறை அதன் புதிய நிலைப்பதிப்பு வெளிவரும். ஒவ்வொன்றிற்கும் முதல் மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் ஏறக்குறைய ஈராண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு.

ஈண்டு எம் ஊரின் மற்றொரு செய்தியை எண்ணிப் பார்ப்பாம். கடற்கரையை அணிசெய்த பழைய நகர்மன்றக் கட்டடமாகிய மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர்ப் பழைய தோற்றத்திலேயே மறுபடியும் கட்டப்பெற்றது. கட்டடம் தான் வீழும் நாளை முன்னரே அறிவிப்பதில்லை. இயங்குதளமோ, பிறக்கும்போதே தன் முடிவுக்காலத்தை அறிவித்துவிடுகின்றது. அறிவித்த நாளைப் பாராதிருந்து பின் வருந்துவோர்க்கு மழையின்மேற் பழிபோட இடமில்லை.

ஆகவே, இயங்குதள ஒழுங்கு என்பது பெயர், காலம், பெயர்ச்சி என்னும் மூன்று உறுப்புக்களை உடையதாம். எவ்வியங்குதளம், எப்பதிப்பு என்பது பெயர். எந்நாள்வரை அது நிற்கும் என்பது காலம். அந்நாளுக்கு முன் அடுத்ததற்கு எவ்வாறு மாறுவது, யார் மாற்றுவது என்பது பெயர்ச்சி. பெயரை மட்டும் குறித்து ஏனை இரண்டையும் விட்டுவிடுவோர் பலர். விக்கிமீடியாவிலோ, புதிய டெபியன் பதிப்பு வந்தபின் பழையதை எப்போது கைவிடுவது என்பதற்கு எழுதிவைத்த விதி உண்டு. இடைக்காலத்தில் இரண்டு மூன்று பதிப்புக்கள் உடனிருத்தல் இயல்பே. வரம்பின்றி உடனிருத்தலையே அவ்விதி விலக்குகின்றது.

விதியை எழுதிவைத்தல் போதாது. அதனைக் கணினியே படித்து நிறைவேற்றுமாறு எழுதுதலும் உண்டு. பப்பெட் என்னும் மென்பொருள் அதற்குரியது. இவ்வழங்கியில் இன்ன மென்பொருள், இன்ன அமைவில் இருத்தல் வேண்டும் என்று ஓரிடத்து எழுதிவைப்பின், ஒவ்வொரு வழங்கியும் அதனைப் பார்த்துத் தன்னைத்தான் சரிசெய்துகொள்ளும். விக்கிமீடியா தன் பப்பெட் விதிகளை, மறைக்கவேண்டிய திறவுச்சொற்கள் நீங்கலாக, 2011ஆம் ஆண்டில் அனைவரும் காண வெளியிட்டது. இஃது எளிய செயலன்று. கட்டுரைகளை யாவரும் திருத்தலாம் என்பவர், அக்கட்டுரைகளைத் தாங்கும் கருவியின் அமைப்பையும் யாவரும் பார்க்கலாம், திருத்தம் கூறலாம் என்றனர். அண்மை ஆண்டுகளில் மீடியாவிக்கி கொள்கலம் என்னும் புதுமுறையில் இயங்குகின்றது. அக்கொள்கலங்களின் அடியிலும் டெபியனே உள்ளது.

நிற்க. இவையெல்லாம் பொறியியலார்க்குரியன, தமிழ் மாணாக்கர்க்கு இவற்றால் ஆவதென் என்று வினவுவார் உளராயின், எழுத்தின் முறைவைப்பைக்கொண்டு விடை கூறுவாம். நன்னூலார் எழுத்திலக்கணத்தின் பகுதிகளுள் முறை என்பதனையும் ஒன்றாக எண்ணினார். வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் முடித்த சதுரகராதி, சொற்களை அகரநிரலில் வைத்து அம்முறையின் பயனை விளக்கிற்று. அலை, அவை, அழகு, அறம், அன்பு என்பதே இவ்வைந்து சொற்களுக்கும் உரிய நிரல். லகரத்தின்பின் வகரமும், அதன்பின் ழகரமும், அதன்பின் றகரமும், ஈற்றில் னகரமும் வருதலின். ஆனால் ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் எழுத்துக்களுக்கு இட்ட எண்கள் இம்முறையில் இல்லை. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி அன்பு, அறம், அலை, அழகு, அவை என்று அடுக்கிவிடும்.

தமிழ் முறையை அறிந்து அடுக்குதற்கு ஐசியூ போன்ற நிரலகங்கள் உள்ளன. நிரலகம் என்பது பல மென்பொருள்கள் பொதுவாய் எடுத்தாளும் நிரல்களின் தொகுதி. அதன் எப்பதிப்பு ஒரு வழங்கியில் இருக்கும் என்பது பெரும்பாலும் இயங்குதளத்தின் பதிப்பைப் பொறுத்தது. மீடியாவிக்கி, இந்நிரலகத்தைக் கொண்டு பகுப்புக்களை அடுக்குமாறு அமைக்கப்பட்டவிடத்து, ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு வரிசைக்குறியைக் கணித்துச் சேமித்துவைக்கும். ஒரு வழங்கியில் பழைய பதிப்பும் மற்றொன்றில் புதிய பதிப்பும் இருப்பின், இரண்டும் கணிக்கும் குறிகள் ஒவ்வாவாகும், அடைவு குழம்பும். ஆதலின் இயங்குதளத்தை மாற்றுங்கால் நிரலகமும் மாறுமாயின், வரிசைக்குறிகள் அனைத்தையும் மறுபடி கணித்தல் வேண்டும். இதற்கென மீடியாவிக்கியில் தனி நிரலே உண்டு.

இது பிறவிடத்தும் கண்ட உண்மையே. 2018 ஆகஸ்டில் வெளிவந்த குனூ சி நிரலகத்தின் 2.28ஆம் பதிப்பில் வரிசை விதிகள் பெரிதும் மாற்றப்பட்டன. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10 அதனைக் கொண்டிருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் காவலர் பலர், தம் அடைவுகளை மீளக் கட்டவேண்டியவராயினர். சொற்கள் அழியவில்லை, தேடினாற் கிடைக்கவேண்டிய சொல் கிடையாமற் போகும் நிலையே உண்டாயிற்று. நூலகத்தில் தவறான அடுக்கில் வைத்த நூல், படிப்போர்க்கு இல்லாத நூலேயன்றோ?

எழுத்துருவின் செய்தியும் இத்தகையதே. விக்கியில் நிலப்படமும் விளக்கப்படமும் எஸ்விஜி என்னும் வடிவில் ஏற்றப்படின், அவற்றைப் படிப்போர்க்கேற்ற படமாய் மாற்றுவது வழங்கியே. அதன்கண் தமிழ் எழுத்துரு நிறுவப்படாதிருப்பின், காவிரி என்றெழுதிய இடத்தில் வெறுங்கட்டங்கள் தோன்றும். லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்கள் டெபியனிலே பொதிகளாய்க் கிடைக்கின்றன. ஒழுங்கினுள் ஒருவரி எழுதினால் எல்லா வழங்கிகளிலும் அவை அமையும். அவ்வொருவரியை எழுதவேண்டும் என்று கேட்போர் தமிழரன்றி வேறு யாவர்?

இனி, மறுப்புரை ஒன்றையும் ஆராய்வாம். அனைத்தும் ஒரே இயங்குதளமாயின், அதன்கண் உள்ள ஒரு பிழை அனைத்தையும் ஒருங்கே தாக்காதோ என்பர். தாக்கும், அதனை மறைத்தற்கில்லை. 2006ஆம் ஆண்டு டெபியனில் மறைக்குறியீட்டு மென்பொருளொன்றில் செய்த மாற்றத்தால், உண்டாக்கப்பட்ட திறவுகோல்கள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. 2008 மே திங்களில் அது வெளிப்பட்டபோது, டெபியனோடு அதன் வழிவந்த உபுண்டுவும் அக்குறையை உடையதாயிருந்தது. ஆயினும் திருத்தமும் அதே வழியில் எல்லார்க்கும் விரைந்து சென்றது. பலவகைப்பட்ட வழங்கிகளுள் எவ்வெவற்றில் குறை உண்டு என்று தேடித் திரிதலினும், எல்லாவற்றிலும் உண்டு என்று அறிந்து எல்லாவற்றையும் திருத்துதல் எளிது. மேலும், புதிய பதிப்பை ஒரே நாளில் எங்கும் புகுத்தாது, முதலிற் சில வழங்கிகளில் இட்டுப் பார்த்துப் பின்னர்ப் பரப்புதல் அறிவுடையோர் வழக்கம். விக்கிமீடியா வர்ஜீனியாவின் ஆஷ்பர்னிலும் டெக்சாஸின் கேரொல்டனிலும் இரு முதன்மைத் தரவு மையங்களை வைத்துள்ளது. 2016 ஏப்ரலில் முதன்முறையாக ஒன்றன் பணியை மற்றொன்றிற்கு மாற்றிப் பார்த்தது. இப்பொழுது ஆண்டிற்கு இருமுறை அங்ஙனம் செய்கின்றது. ஒருமைப்பாட்டின் தீங்கிற்கு மருந்து இத்தகைய பயிற்சியே.

பெருநிறுவனத்தின் வழக்கம் புதுச்சேரியின் சிறு குழுவிற்குப் பொருந்துமோ என்பது இறுதி வினா. ஒரு கல்லூரித் தமிழ்த்துறை மாணாக்கர் ஒரு விக்கி அமைக்கின்றனர் எனக் கொள்வோம். நொத்தேர், மேரி போலப் பிரெஞ்சு மொழியினின்று நம் ஊர்த் தமிழில் கலந்த சொற்களையும், தெருப்பெயர்களின் வரலாற்றையும், முதியோர் வாய்மொழிகளையும் அதில் தொகுக்கின்றனர். சிலருடைய மறைவோடு மறையத்தக்க செல்வம் அது. வேறு படி அதற்கில்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பை அவர்கள் நிறுவினரெனின், அதன் முழு ஆதரவு 2028இல் முடியும்; நீட்டித்த ஆதரவு 2030இல் முடியும். மீடியாவிக்கியின் நீண்டகாலப் பதிப்பிற்கோ மூன்றாண்டே எல்லை. நிறுவிய மாணாக்கர் மூன்று அல்லது நான்கு ஆண்டிற் பட்டம் பெற்று நீங்குவர். இயங்குதளத்தின் காலம் முடியும் நாளில், அதனை நிறுவினோர் கல்லூரியில் இரார். இக்கட்டுரையின் கருத்தெல்லாம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும். ஆள் நீங்குவர், எழுதிவைத்த ஒழுங்கு மட்டுமே அடுத்து வருவோர்க்கு எஞ்சும்.

எனவே, சிறு குழுவினரும் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதிவைத்தல் நன்று. எல்லா வழங்கிகளுக்கும் ஓர் இயங்குதளமே கொள்க. அருகிலுள்ளார் அறிந்ததாகப் பார்த்துக் கொள்க. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளம் டெபியனைத் தழுவியது. 2023இல் டெபியன் அன்பர் மாநாடொன்று நம் அண்டை நகராகிய விழுப்புரத்தில் நடைபெற்றது. ஆதலின் துணை தொலைவில் இல்லை. ஆதரவு முடியும் நாளையும், அதற்கு ஓராண்டு முன்னதாகப் பெயர்ச்சி தொடங்கும் நாளையும் குறிக்க. தமிழ் எழுத்துரு, தமிழ் வரிசைமுறை ஆகியவற்றைப் பெயர்ச்சிக்குப்பின் சோதித்தற்கு ஐந்தாறு சொற்களை எழுதிவைக்க. தரவுத்தளத்திற்கும் படங்களுக்கும் காப்புப்படி எடுத்து வேறிடத்து வைக்க. அப்படியினின்று விக்கியை மீட்க இயலுமோ என்று ஆண்டிற்கொருமுறை செய்து பார்க்க. ஆண்டுதோறும் நீங்குவோர் வருவோரிடம் இப்பக்கத்தைப் படித்துக்காட்டி ஒப்படைக்க.

நம் ஊர்ப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ஆம் ஆண்டு தொடங்கியது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்றன. ஓலை செல்லரிக்கும் என்பதை அறிந்து, காலந்தோறும் புதிய ஓலையிற் படியெடுத்தோர் இருந்தமையாலன்றோ அப்பழைய நூல்கள் நம் காலம்வரை வந்தன? அவர்தம் பெயரைச் சுவடிகள் பலவும் கூறவில்லை. இன்று புதுச்சேரியிலிருந்து விக்கிப்பீடியாவைத் திறப்போர்க்கு, ஆசிய நாட்டினர் பொருட்டு 2018இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட மையம் அணித்தாயுள்ளது. அங்கேயும் பெயர் அறியப்படாத சிலர் உரிய நாளிற் பழைய தளத்தை நீக்கிப் புதியதை அமைக்கின்றனர். தமிழை எழுதுவோரும் அதனைத் தாங்கும் கருவியைப் பேணுவோரும் ஒரே பணியின் இரு கூறினர். எழுதும் பணியிற் பெருமை கொள்ளும் நாம், பேணும் பணிக்கும் நம்முள் ஒருவரையேனும் ஒவ்வோராண்டும் அளிப்போமாக.